பக்கத்தில் இருந்த விளைவு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்பிடி எம் பக்கத்துல வாங்க. டோக்கனைப் பார்த்துப் பார்த்து நிக்காதீங்க, இங்க நம்பருக்கும் கூப்பிடறதுக்கும் சம்பந்தமே கெடையாது. காலையில எங்களுக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் உள்ள போயி, வெளிய வந்து, மருந்து வாங்கிட்டு இந்நேரம் ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பாங்க. பெரிய டாக்டர்னா அப்பிடித்தானுங்களே. காக்க வெச்சாத்தான் நம்ம வியாதியும் பெருசுன்னு நமக்கே ஒரு மரியாதை வருது.

உங்க வீட்டுல அவங்களுக்குங்களா? டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்காங்களா? சரிதான். கை முட்டா, கால் முட்டா? ரெண்டுமா! எங்க வீட்டுக்காரிக்கும் அதேதானுங்க. உள்ள இருக்கா. முடக்குவாதம். இங்கிலீஷ்ல என்னமோ ஒரு பேரு சொல்றாங்க, அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நமக்கு வாய் முடங்கிப் போயிரும்.

என்ன, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறீங்க? நிமோனியா ஊசியா? போன தடவையே உங்க வீட்டுல போட்டுக்கச் சொல்லியிருக்காங்களா? அட சாமி! நல்லவேளை எம் பக்கத்துல வந்து உக்கார்ந்தீங்க. ஊசியைப் பத்தி இந்த வராந்தாவுல எனக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாதுங்க. உள்ள இருக்கற டாக்டரம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அவங்க படிச்சவங்க. நான் பட்டவன்.

எம் பேரு நாச்சிமுத்து. தாராபுரத்துல மோட்டார் காயில் கட்டற கடை. எந்த மோட்டாரா இருந்தாலும் சரி, காதை வெச்சுக் கேட்டாப் போதும், பேரிங் போச்சா, காயில் போச்சான்னு சொல்லிருவேன். உடம்பும் அப்பிடித்தானுங்களே. முட்டுங்கறது பேரிங். கிரீஸ் காஞ்சா சத்தம் போடும். இதுக்குப் போயி காலேஜ்ல வருஷக்கணக்காப் படிக்கறாங்க.

எங்க வீட்டுக்காரி சுலோச்சனா ஜாக்கெட்டு தெக்கறவ. சும்மா பொழுது போகத் தெக்கறதில்லீங்க. முகூர்த்தம்னு வந்துட்டா எங்க வீட்டு வாசல்ல செருப்பு வெக்க எடம் இருக்காது. ஒரு பொம்பளையை நிக்க வெச்சு ஒரு பார்வை பார்த்தாப் போதும், அளவு டேப்பே வேண்டாம். அவளுக்கு அந்தக் கண்ணு. எனக்குக் காது. ஏதோ ஓடிக்கிட்டிருந்துச்சு.

அப்பிடி இருக்கறப்பத்தான் காலையில எந்திரிச்சா விரல் மடங்கலைன்னா. டம்ளரைப் பிடிக்க முடியலைங்கறா. வெயில் ஏறினதுக்கு அப்பறந்தான் கை கைக்கு வருதுங்கறா. நான் வாயுன்னேன். பூண்டு திங்கச் சொன்னேன். தைலம் வாங்கிக் குடுத்தேன். என்னால ஆனதெல்லாம் பண்ணினேன், வீக்கம் மணிக்கட்டுக்கு வந்துருச்சு. அப்பறந்தான் அவ தங்கச்சி, வெள்ளகோவில்ல இருக்கா, அவ வந்து சண்டை போட்டு இங்க கூட்டிட்டு வந்தா. டாக்டரம்மா பார்த்தாங்க. "உடம்புல நோயை எதுத்து நிக்கற சக்தி இருக்குதில்லைங்களா, அது ஆள் தெரியாம உங்க மூட்டுகளையே அடிக்குது"ன்னாங்க. ஆள் தெரியாம அடிக்குதாம்! நான் சிரிச்சுப்போட்டேன். அவங்க சிரிக்கலை.

வாரத்துக்கு ஒருக்கா ஒரு மஞ்ச மாத்திரை. தெனம் போட வேற மாத்திரை. ரெண்டு மூணு மாசத்துல கை பழையபடி ஆயிருச்சுங்க. கத்திரியைப் பிடிச்சா. மிஷின்ல உக்கார்ந்தா. சரி, டாக்டரம்மா பரவாயில்லைன்னு நானும் நெனைச்சேன். நல்லதைச் சொல்லணுமில்லைங்களா.

அந்த சமயத்துலதான் கொரோனா. அதுவும் ரெண்டாவது அலை. ஞாபகம் இருக்குங்களா? எதுத்த வீட்டுல ஸ்டெல்லா டீச்சர்னு ஒருத்தங்க. சுலோச்சனாவுக்கு ரொம்ப வேண்டியவங்க. சாயங்காலமானா ரெண்டு பேரும் வாசல்ல நின்னு பேசாம இருக்க மாட்டாங்க. ஈஸ்டருக்குன்னு வெள்ளை ஜாக்கெட்டு தெக்கக் குடுத்திருந்தாங்க, கை நீளமா, லேசு வெச்சு. வாங்க வர்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பவே இல்லை. அந்த ஜாக்கெட்டு எங்க வீட்டுல கொக்கியில தொங்கிக்கிட்டே இருந்துச்சு. சுலோச்சனா அதை எடுக்கவும் மாட்டா, பார்க்காமப் போகவும் மாட்டா.

அதுக்கப்பறந்தான் ஊசி போட்டுக்கணும்னு பிடிச்சுக்கிட்டா.

நான் சொன்னேன், வேண்டாம்னு. எனக்கு வாட்சப்புல ஒரு வீடியோ வந்திருந்துச்சு. வெள்ளைக் கோட்டு போட்டவர், கழுத்துல கொழாய் மாட்டிக்கிட்டு, எவ்வளவு தன்மையாச் சொல்றார்ங்கறீங்க! இந்த முட்டு வியாதிக்காரங்க ஊசி போட்டா உடம்பே கல்லா எறுகிப்போயிரும்ங்கறார். எந்த ஊரு, என்ன பேருன்னு அவர் சொல்லலை. பெரிய ஆளுங்க எங்கங்க அதெல்லாம் சொல்வாங்க? நம்ம டாக்டரம்மாவைப் பாருங்க, கோட்டே போடறதில்லை, நூல் சேலையில உக்கார்ந்திருக்காங்க. யாரை நம்பறது?

நான் போட்டேனான்னு கேக்கறீங்களா? போட்டேங்க. அது வேற விசயம். ஸ்பின்னிங் மில்லுல மோட்டார் வேலைக்குப் போகணும்னா கேட்டுலயே "ஊசி போட்டாச்சா"ன்னு கேட்டாங்க. பொழப்புக்குப் போட்டது. அதுவும் நான் புது மோட்டார் மாதிரி, ஒரு கோளாறும் கெடையாது. அவ ஏற்கனவே காயில் மாத்தின மோட்டார். ரெண்டும் ஒண்ணாங்களா? ஆனா அந்தக் காய்ச்சல் இருக்குதே, அப்பப்பா. ஊசி போட்ட அன்னைக்குச் சாயங்காலம் பிடிச்சு மறுநாள் பூரா எந்திரிக்க முடியலீங்க. இனி பொழைக்க மாட்டேன்னு கடைச் சாவியை எல்லாம் அவ கையில குடுத்துட்டேன். அவதான் கஞ்சி வெச்சு, கால் அமுக்கி விட்டு... "காய்ச்சல் நூறைத் தாண்டலீங்க"ன்னா. நூறைத் தாண்டினாத்தான் வலியா?

அவ விடலை. டாக்டரம்மாகிட்டக் கேளுங்கன்னா. பஸ்ஸு ஓடாத சமயம், போன்லதான் கேக்கணும். நாந்தான் கடையில இருந்து போன் பண்ணினேன். அவங்க அவசரத்துல பேசறாங்க. "தாராளமாப் போடுங்க. கை வலிக்கும், காய்ச்சல் வரும், ரெண்டு நாள் அசதியா இருக்கும், பயப்பட வேண்டாம். ஊசி போட்டதுக்கு அப்பறம் அந்த வாரத்து மஞ்ச மாத்திரையை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. ஊசி நல்லா வேலை செய்யறதுக்காக. மத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது." இவ்வளவுதான். வெச்சுட்டாங்க.

நான் ரோசனை பண்ணினேன். ஒரு வாரம்ங்கறாங்களே, அது எப்பிடிப் போதும்? ஒரே காயிலுக்கு ரெண்டு லைன்ல கரண்டு குடுத்தா என்ன ஆகும்? புகைஞ்சுரும். ஊசிங்கறது ஒரு லைன். மாத்திரை இன்னொரு லைன். ஊசி உடம்பை விட்டு முழுசா எறங்கற வரைக்கும் மாத்திரையே ஆகாது. இது சாதாரண எலக்ட்ரிகல். இதை அந்தம்மாகிட்டச் சொல்லலாம்னா போனை வெச்சுட்டாங்க.

அதனால வீட்டுல வந்து, "மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க"ன்னேன்.

பொய் இல்லீங்களே? நிறுத்தச் சொன்னது நெசந்தானே. எந்த மாத்திரை, எத்தனை நாளுங்கறதைத்தான் நான் கொஞ்சம், நம்மூர் வெயிலுக்குத் தகுந்த மாதிரி... "எல்லா மாத்திரையுமா?"ன்னு கேட்டா. "எல்லாந்தான், மறுபடி அவங்களே சொல்ற வரைக்கும்"னேன். மறந்தாப்புல எடுத்துப் போட்டுருவாளோன்னு டப்பாவைக் கொண்டுபோய்க் கடையில மீட்டர் வெக்கற டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்க. இப்பிடி ஒரு புருசன் எத்தனை பேருக்குக் கெடைக்கும்?

பள்ளிக்கூடத்துல முகாம் போட்டிருந்தாங்க. போய்ப் போட்டுக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி காய்ச்சல், தோள்பட்டை வலி, ஒடம்பு வலி. மறுநாளைக்கு அடுத்த நாள் எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சுப்போட்டு மிஷின்ல உக்கார்ந்துட்டா! எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சுங்க. பக்க விளைவு வரும், வரும்னு நானும் எதிர்பார்த்துக்கிட்டே இருக்கேன், வரமாட்டேங்குது. தெனம் காலையில கேப்பேன். மயக்கம் வருதா? நெஞ்சு படபடங்குதா? கண்ணு மங்குதா? "உங்களைப் பார்த்தாத்தான் மங்கற மாதிரி இருக்குது"ன்னா. பொம்பளைங்களுக்கு உடம்பு நல்லா இருந்தா வாய் அடங்காதுங்க.

ஆனா நான் விடலை. கம்முனு இருந்தேன். ஆடி பொறந்துச்சு. ஒரு நாள் காலையில, "ஏனுங்க, விரலு மடங்கலீங்க"ன்னா.

பார்த்தீங்களா! வந்துருச்சு. லேட்டானாலும் வந்துருச்சு. நான் அப்பவே சொன்னேன்னேன். அந்தத் தெரு பூரா சொன்னேன். எனக்குச் சந்தோசம்னு நெனைச்சுக்காதீங்க, ஒரு விசயத்தை நாம முன்னாலயே சொல்லி அது நடந்துச்சுன்னா ஒரு நிம்மதி வருமில்லைங்களா, அவ்வளவுதான். ஊசிக்கு வரிசையில நின்ன நாலைஞ்சு பேரைத் திருப்பி வீட்டுக்கே அனுப்பிட்டேன். உபகாரந்தானே.

கை வீங்கிருச்சு. மணிக்கட்டு, அப்பறம் மூட்டு மூட்டா எல்லா விரலும். பன்னு மாதிரி. ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி வந்து குவிஞ்சு கெடக்குது, அத்தனை நாள் அடங்கிக் கெடந்த கல்யாணம் எல்லாம் ஒரே மாசத்துல. கத்திரியைப் பிடிச்சா நழுவி விழுகுது. ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பார்த்தா. பட்டுத் துணி, கல்யாணப் பொண்ணோடது. கோணலா வெட்டிட்டா. அதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு அப்பிடியே உக்கார்ந்திருந்தா. அழுகலை. அழுதிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

"மாத்திரையைக் குடுங்க"ன்னா.

"டாக்டரம்மா சொல்லாம எப்பிடிக் குடுக்கறது?"ன்னேன்.

"போன் பண்ணிக் கேளுங்க."

"பண்ணினேன், எடுக்கலை"ன்னேன். பண்ணியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்கதானுங்களே. என்ன கேக்கறீங்க? அவளுக்கு போன் இல்லையாவா? இருந்துச்சு. ரெண்டாவது அலை சமயத்துலதான் தண்ணித் தொட்டியில விழுந்துருச்சு, புதுசு வாங்கறதுக்குக் கடையெல்லாம் மூடிக் கெடந்துச்சு. அப்பறம் நாந்தான் இருக்கேனே, தனியா ஒண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன்.

அந்த நாள்ல நான் பண்ணாத வேலை இல்லீங்க தம்பி. சோறாக்கினேன். துணி தொவைச்சேன். அவளுக்குத் தலை சீவி விட்டேன். சீவறதுன்னா என்னங்க, காயில் சுத்தற மாதிரிதானேன்னு நெனைச்சேன். பின்னி முடிச்சதைக் கண்ணாடியில பார்த்தா, என்னைப் பார்த்தா. அப்பறம் ஒரு நாள் காலையில முதுகைத் திருப்பிக்கிட்டு நிக்கறா. என்னன்னேன். அப்பறம் திரும்பி, "இந்த ஊக்கைக் கொஞ்சம் போட்டு விடுங்க"ன்னா. ஊர் ஜாக்கெட்டுக்கெல்லாம் ஊக்கு வெச்சுத் தெச்சவ, தன் ஜாக்கெட்டு ஊக்கைப் போட முடியாம எம் முன்னால நிக்கறா. என் கையும் பெருசு, வார்னிசு பட்டுத் தடிச்ச கை, அந்தச் சின்ன ஊக்கு சிக்கவே மாட்டேங்குது. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தா. எனக்கு அன்னைக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அந்த ஊசி கம்பெனிக்காரன் மட்டும் கையில கெடைச்சிருந்தான்னா...

விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஊசியாலதான் இப்பிடி ஆச்சுன்னு டாக்டரம்மா கையால எழுதி வாங்கணும், வாங்கி மேல வரைக்கும் போகணும்னு, கார் வெச்சு இங்க கூட்டிட்டு வந்தேன். அப்ப உள்ள நானும் போவேன். போயி, நின்னுக்கிட்டே கேட்டேன். "பாருங்கம்மா, உங்க ஊசி பண்ணின வேலையை. உங்க பேச்சைக் கேட்டுத்தானே போட்டோம்"னேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டேன். வெளிய இருந்தவங்களுக்கும் பிரயோசனமா இருக்கட்டும்னு.

டாக்டரம்மா அவ கையை எடுத்துத் தன் கை மேல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா அமுக்கிப் பார்க்கறாங்க. "ஊசி போட்டு எத்தனை நாளைக்கு அப்பறம்மா வீங்குச்சு?"

"ஒரு மாசம் நல்லா இருந்துச்சுங்க. அதுக்கப்பறந்தான்."

"மாத்திரை போட்டீங்கல்ல?"

"நீங்க நிறுத்தச் சொன்னீங்களாமே. அப்ப இருந்து எதுவும் போடலீங்க."

டாக்டரம்மா தலையைத் தூக்கினாங்க. அவளைப் பார்த்தாங்க. அப்பறம் என்னைப் பார்த்தாங்க. "நான் என்னங்க ஐயா சொன்னேன்?"

நான் அந்த ரெண்டு லைன் கரண்டு விசயத்தைப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். படிச்சவங்களுக்குப் புரியற மாதிரிதான் சொன்னேன். கேக்கவே இல்லீங்க. "ஒரு மாத்திரை, ஒரு வாரம்னு சொன்னேன். எல்லா மாத்திரையும் ரெண்டு மாசமா நின்னிருக்குது. வீங்காம என்ன பண்ணும்?"னு கேட்டுப்போட்டு, சுலோச்சனா பக்கம் திரும்பி, "ஊசிக்குப் பக்க விளைவு கம்மிங்கம்மா. அந்தக் காய்ச்சலோட முடிஞ்சுது. உங்களுக்குப் பக்கத்துல இருக்கற விளைவுதான் ஜாஸ்தி"ன்னாங்க.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. என்னமோ டாக்டருங்களுக்குள்ள பேசிக்கற பேச்சு. ஒரு விசயம் கவனிச்சீங்களா? ஊசியை விட்டுக் குடுக்கவே மாட்டேங்கறாங்க! ஊசிதான் காரணம்னு வாயில வர்லை. அவங்களுக்கு என்ன கட்டாயமோ, என்ன நெருக்கடியோ.

சுலோச்சனாதான், தம்பி, எம் பக்கம் திரும்பினா. பார்த்தா. கோவமான்னு கேட்டா கோவம்னு சொல்ல முடியாது. வாடிக்கைக்காரி ஒருத்தி அளவு குடுக்க நிக்கறப்ப ஒரு பார்வை பார்ப்பான்னு சொன்னேனில்லைங்களா, அந்தப் பார்வை. மேல இருந்து கீழ வரைக்கும். பார்த்து முடிச்சுட்டுத் திரும்பிக்கிட்டா. கார்ல ஊர் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்குள்ள போகலை, நேரா கடைக்கு வந்தா, கையை நீட்டினா. சாவியைக் குடுத்தேன். விரல் மடங்காத கையில சாவியைத் திருப்பவே முடியலை, ஆனாலும் என்னைத் திறக்க விடலீங்க. அவளேதான் திறந்தா.

மறுபடி மாத்திரை போட்டதும் வீக்கம் எறங்குச்சு. நான் எங்க இல்லைன்னேன்? ஊசியோட விசம் முறியற காலமும் அதேதானுங்களே. முழுசா வர்லீங்க. வலது கையில நடு விரல் ஒண்ணு வளைஞ்சது வளைஞ்சபடி நின்னுருச்சு. இனி நிமிராதாம். துணி வெட்டறதுக்கு இப்ப ஒரு பொம்பளையை வெச்சிருக்கா, இவ மிஷின்ல மட்டும் உக்காருவா. அந்த விரலைப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். ஒரு ஊசி, ஒரே ஒரு ஊசி, என்ன வேலை பண்ணிருச்சு பாருங்க!

அதுக்கப்பறம் அவளுக்கு எம் மேல அக்கறை கூடிருச்சு. அதைச் சொல்லணும். மாத்திரையை நீங்க எடுத்துக் குடுக்க வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்ங்கறா. புதுசா ஒரு போன் வாங்கிக்கிட்டா, டாக்டரம்மாகிட்ட நானே பேசிக்கறேன், உங்களுக்குக் கடையில வேலை கெடக்குதுங்கறா. இங்க வந்தா, "உள்ள ஏசிங்க, உங்களுக்கு ஆகாது, வெளிய காத்தாட உக்காருங்க"ங்கறா. எனக்கு ஏசி ஆகாதுன்னு எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. அன்னையில இருந்து ஒருக்காக்கூட நான் உள்ள போனதில்லை.

நான் ஒரே ஒரு விசயத்துல மட்டும் கண்டிசனா நின்னுட்டேன். ரெண்டாவது ஊசி கூடவே கூடாது. தலைகீழா நின்னாலும் விட மாட்டேன்னேன். சரிங்கன்னுட்டா. மறுபேச்சே இல்லை. பட்டாத்தானுங்களே புத்தி வருது! பொங்கல் கழிச்சு வெள்ளகோவிலுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வரேன்னா. போய்ட்டு வான்னேன். மறுநாள் வந்தா, காய்ச்சல். தோள்பட்டை வலிங்கறா. ஊசியே போடாம அதே மாதிரி காய்ச்சல், அதே எடத்துல வலி! விசாரிச்சேன். தங்கச்சி நாட்டுக்கோழி அடிச்சுக் குழம்பு வெச்சாளாம், அந்தச் சூடு. பஸ்ஸுல எடமில்லாம கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னாளாம், அந்த வலி. ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. நான் இந்த விசயத்தை எல்லார்கிட்டயும் சொல்வேன். முக்கியமா ஒண்ணு கவனிங்க: அதுக்கப்பறம் முட்டு வீங்கலை. ஏன்? ஊசி போடலை! இதைவிட அத்தாட்சி என்னங்க வேணும்?

அதனால நான் சொல்றதைக் கேளுங்க தம்பி. உங்க வீட்டுல அந்த நிமோனியா ஊசி... இருங்க, இருங்க. வந்துட்டா பாருங்க. அந்த ஊதாச் சேலை. ஏன் அம்மிணி, இத்தனை நேரம்? இவரு திருப்பூர்க்காரராம், பேசிக்கிட்டிருந்தோம். அவரு வீட்டுலயும் இதே வியாதிதான். ரத்தம் எடுத்தாங்களா? பஞ்சை அமுக்கிப் பிடிச்சிருக்கே. ரத்தம்னா முழங்கை மடிப்புலதானே எடுப்பாங்க? நீ என்ன, தோள்ல பிடிச்சிருக்கே?

"ஊசிங்க"ங்கறா. கேட்டீங்களா தம்பி? நிமோனியாவுக்காம்.

எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அம்மிணி?

"ரெண்டாவதுக்குக் கேட்டனா?"ங்கறா.

எந்த ரெண்டாவது? ரெண்டாவதுதான் போடவே இல்லையே. நாந்தான்... எங்க? வெள்ளகோவில்லயா? அப்ப அந்தக் கோழி?

"கோழி நல்லாத்தான் இருந்துச்சு"ங்கறா.

இல்லை அம்மிணி, நான் எதுக்குச் சொல்றேன்னா... சரி. சரி, விடு. பையைக் குடு, அந்தக் கையில தூக்காதே. உங்க கையில இருக்கற சீட்டைப் பார்த்துட்டு என்னமோ சொல்றா பாருங்க, கேட்டுக்குங்க.

"ஊசியைப் போட்டுக்கச் சொல்லுங்க தம்பி. கை ரெண்டு நாள் வலிக்கும். காய்ச்சல் வந்தாலும் வரும், வந்தாப் போயிரும். மாத்திரையை நிறுத்தணுமா, வேண்டாமான்னு மட்டும் டாக்டரம்மாகிட்ட அவங்க காதாலயே அவங்க கேட்டுக்கட்டும்."

அவங்க காதாலயே கேக்கணுமாம். எப்பிடிக் குத்தறா பார்த்தீங்களா? இதுக்கு எந்த முகாமுக்கும் போக வேண்டியதில்லை.

நான் மருந்து வாங்கிட்டு வரட்டுமா அம்மிணி? வேண்டாமா. நீயே வாங்கிக்கறியா. சரி, வரிசையில போய் நில்லு. நான் பையை வெச்சுக்கிட்டு இங்கயே இருக்கேன்.

...நல்லா இருக்காளுங்களே, தம்பி? பார்க்க நல்லாத்தானே இருக்கா? கோழியாம். எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன் அந்தக் கோழியை.

அந்தப் பச்சைச் சுடிதார்தானுங்களே உங்க வீட்டுல? ரத்தம் குடுத்துட்டு வந்துட்டாங்க போல. அவங்க பேரைத்தான் கூப்பிடறாங்க. கதவுகிட்ட நின்னு உங்களைத் தேடறாங்க பாருங்க, கையைக் காட்டறாங்க, உள்ள வாங்கன்னு. என்ன, எம் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கீங்க? எந்திரிங்க, போங்க தம்பி. கூப்பிடறப்பவே போயிரணும்.